இடது பக்கம் பேசவில்லை

கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆம்ப்ளியக்கா கடை எது என்று கேட்டால் டயர்க்கடைக்காரர் கையில் இருக்கும் ஸ்பேனராலேயே வழி காட்டுவார். ஆம்ப்ளிபயர் என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. அக்காவை விட்டுவிட யாருக்கும் மனசும் இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிட்டது.

கடை என்றால் பாதிக் கடை. ஒரே ஷட்டருக்குள் அந்தப் பக்கம் சீட்டுக்கவர் தைக்கும் அண்ணனின் தையல் மிஷினும் ரெக்சின் சுருள்களும். இந்தப் பக்கம் இவளுடைய மேஜை, மீட்டர், சால்டரிங் குச்சி, ஆணியில் தொங்கும் ஒயர் வளையங்கள், பிஸ்கட் டப்பா நிறைய பியூஸ். வண்டிகள் வாசலில்தான் நிற்கும். அவள் தலை எப்போதும் யாருடைய டிக்கிக்குள்ளாவது இருக்கும், கால்கள் மட்டும் தெருவில் தெரியும். "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் சீட்டுக்கவர் அண்ணன், "பாதி இருக்காங்க, மீதி உள்ள இருக்காங்க" என்பார்.

வந்தவர்களிடம் என்ன கோளாறு என்று அவள் கேட்பதில்லை. எப்போது வருகிறது என்றுதான் கேட்பாள். ஒருத்தர் வந்து, "பாட்டுக்குப் பின்னாடி ஒரு கொசு பாடுதும்மா" என்பார். "ஆக்சிலேட்டரை மிதிச்சா கொசு சத்தமாப் பாடுதா?" "ஆமாம்மா, எப்படித் தெரியும்?" அவள் கம்பளத்தைத் தூக்கிக் காட்டுவாள். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரும், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டு வரும் மெல்லிய ஒயரும் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு போகும். "பெரியவர் புலம்பறதெல்லாம் சின்னவர் காதுல விழுது. ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சு விட்டாப் போதும்." ஆம்ப்ளிபயர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால், அது செத்துப்போகவில்லை, கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறது என்பாள். எங்கேயோ ஸ்பீக்கர் ஒயரின் ஒற்றை மயிரிழை வண்டித் தகரத்தில் உரசிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் சமாதானமாகி எழுந்துவிடும். சத்தம் போதவில்லை என்று ஆம்ப்பில் இருக்கும் திருகை முறுக்கித் தள்ளிக்கொண்டு வருகிற இளவட்டங்களிடம் மட்டும் கொஞ்சம் கடுமை காட்டுவாள். "தம்பி, இது சத்தத்துக்கு இல்ல. செட்டு பேசறதுக்கும் ஆம்ப் கேக்கறதுக்கும் பொருத்தம் பாக்கறதுக்கு. நீ முறுக்கின முறுக்குல ஸ்பீக்கர் தொண்டை கட்டிப்போச்சு."

ஆரம்பத்தில் இதெல்லாம் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "கடையில ஆள் இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. "நான் ஆள் இல்லாம பின்ன பொம்மையா?" என்பாள். சிலர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். சிலர் டயர்க்கடைப் பக்கம் போய் நின்றுவிட்டு, அவர் அதட்டி அனுப்பிய பிறகு திரும்பி வந்தார்கள்.

அவளுக்கு இந்த வேலை கைவந்தது ரேடியோ பலகைகள் செய்யும் தொழிற்சாலையில். வரிசையாக உட்கார்ந்து ஈயம் வைக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. கல்யாணமும் அங்கேதான் கைகூடியது. தொழிற்சாலைப் பெண்களை வேனில் ஏற்றிவரும் டிரைவர், மெலிந்து உயர்ந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வேனில் பாட்டு நின்றுபோனது. "ரேடியோ வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பாருங்களேன்" என்றார். வேன் முழுக்க ரேடியோ வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் கண்ணாடியில் அவர் கண் போன இடம் ஒன்றுதான். அவள் எழுந்து போய் செட்டின் பின்னால் கழன்று கிடந்த ஒயரைச் சொருகினாள். மறுநாளும் அதே ஒயர் கழன்றது. அதற்கு மறுநாளும். வேனில் இருந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, அவளைத் தவிர. "அந்த சாக்கெட் லூசா இருக்கு, மாத்திடுங்க" என்று கல்யாணம் பேசி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் ஏறும் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் தானே அதைப் பிடுங்கிவிடுவதாகக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார். அன்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தொழிற்சாலை மூடியபோது அவள் இந்தத் தெருவுக்கு வந்தாள். அவர் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வாங்கி ஓட்டினார். ஒரே மகள். படித்து, வேலை கிடைத்து, வேறு ஊரில் இருக்கிறாள். காருக்கு நான்கு ஸ்பீக்கரும், சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு ஆம்ப்பும் அவளே பொருத்திக் கொடுத்தாள். அதன் ஒயர்களை அவள் போட்ட நேர்த்தியைப் பார்க்க வேறு கடைக்காரர்கள் வந்து போனதுண்டு.

அந்தக் காரில்தான் தகராறு வந்தது.

ஒருநாள் மத்தியானம் கடைக்குச் சாப்பிட வந்த டிரைவர், கை கழுவிக்கொண்டே, "ஏம்மா, இடது பக்கம் பேசல" என்றார்.

அவள் காரில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டாள். இடதும் பேசியது, வலதும் பேசியது. சத்தத்தைப் பக்கம் பிரிக்கும் பேலன்ஸ் நட்டநடுவில் இருந்தது. "நல்லாத்தானே இருக்கு?"

"அப்பப்ப விட்டுப்போகுது போல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்று நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே பல்லவி. கதவைத் திறந்து மூடினால் சிலசமயம் உள்ளே ஒயர் விட்டுப்போகும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, ஒயரை இழுத்துப் பார்த்து, மூட்டுகளைப் புதுசாகப் பற்றவைத்துக் கொடுத்தாள். மறுவாரம் வந்து, "அப்படியேதான் இருக்கு" என்றார்.

அவளுக்குச் சட்டென்று அந்த வேன் ஞாபகம் வந்தது. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. தலை நரைத்த பிறகும் இந்த மனுஷனுக்கு இந்த விளையாட்டு போகவில்லையே என்று நினைத்தாள். "என்ன, மறுபடி பிடுங்கி விட்டுட்டு வந்தீங்களா?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணு சொன்னா உனக்கு விளையாட்டா இருக்கா? தெருவுல இருக்கறவன் வண்டிக்கெல்லாம் தேடித் தேடிக் கோளாறு கண்டுபிடிக்கற. என் வண்டின்னா மட்டும் இளக்காரம்" என்றார். சாப்பாட்டை எடுத்துக்கொள்ளாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் முகம் சுருங்கிப்போனது. அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. தையல் மிஷின் நின்றது. சீட்டுக்கவர் அண்ணன் நூலைக் கடித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, மாப்பிள்ளை சூடா இருக்காரு?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. வண்டியைச் சரியாப் பாக்கலைன்னு கோவம். நாளைக்கு மொத்தமாப் பிரிச்சுப் பாத்துடறேன்."

மறுநாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. டிரைவர் இன்னும் முறுக்கோடுதான் இருந்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பியூஸ், எர்த், பேட்டரி ஒயர் எல்லாம் மீட்டரில் ஒழுங்காகக் காட்டின. பிறகு அவள் தன் பழைய வழிக்கு வந்தாள். ஒரு பக்கம் பேசவில்லை என்றால் இரண்டு பக்கத்தையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு கூடவே இடம் மாறினால் மாற்றிய பொருளில் கோளாறு. மாறாமல் அங்கேயே நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்றில் கோளாறு. எந்தக் கில்லாடிக் கோளாறும் இந்த வழியில் சிக்காமல் போனதில்லை.

செட்டிலிருந்து வரும் ஒயர்களை இடம் மாற்றினாள். "இப்ப?"

"இடதுதான் வரல."

அப்படியானால் செட்டு நன்றாக இருக்கிறது. ஆம்ப்பிலிருந்து போகும் ஒயர்களை மாற்றினாள். "இப்ப?"

"அதேதான்."

ஆம்ப்பையே கழற்றிவிட்டுப் புது ஆம்ப் ஒன்றை வைத்தாள். அதேதான். கடைசியில் வீம்புக்கு, இடது கதவு ஸ்பீக்கரை வலது கதவிலும் வலது கதவு ஸ்பீக்கரை இடது கதவிலும் மாட்டினாள். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

"இல்லம்மா. இடது பக்கம் கம்முனுதான் இருக்கு" என்றார் அவர். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை, குழப்பம் இருந்தது.

சீட்டுக்கவர் அண்ணன் தையலை விட்டு எழுந்து வந்து பின் சீட்டில் தலையை நீட்டினார். "ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது எனக்கு?"

ஒயர் இல்லை, ஆம்ப் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. வண்டியில் மாற்றுவதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை. அவள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே நின்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க முழங்காலை மடித்து சீட்டில் ஊன்றி, முழுசாகப் பின்பக்கம் திரும்பினார். திரும்பியவர், "அட!" என்றார். "வந்துடுச்சு! இடது வந்துடுச்சு பாரு. ஐயோ, இப்ப வலது போச்சே."

அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது.

மாற்றிப் போடாத ஒன்று பாக்கி இருந்திருக்கிறது. அதை அவரே மாற்றிப் போட்டுவிட்டார்.

அண்ணனுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கப் போனவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டார்.

கொஞ்ச நாட்களாகக் கண்ணெதிரில் கிடந்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக மேலே வந்தது. மகள் போன் பண்ணினால் வலது காதில்தான் வைத்துக்கொள்கிறார். படுக்கையில் இடம் மாறிப் படுக்கலாம் என்று அவராகக் கேட்டு மாறினார், ஜன்னல் காற்று வேண்டும் என்றார். சாப்பிடும்போது அவள் ஒன்று கேட்க அவர் வேறொன்று சொல்வார். வேலை அசதி என்று விட்டுவிட்டாள். ஊரார் வண்டிகளின் முனகலையெல்லாம் பிடித்துவிடும் காது எனக்கு, பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனைக் கவனிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் முழங்காலில் நின்றபடி குழந்தை மாதிரி அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு வாய் வரவில்லை.

"இருங்க, கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். ஆம்ப்பில் இடது பக்கத் திருகைக் கொஞ்சம் ஏற்றினாள். கூர்மையான சத்தங்கள் எடுப்பாகக் கேட்கும்படி வைத்தாள். இன்னும் கொஞ்சம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றினாள். ஓரிடத்தில் அந்த முகம் மலர்ந்தது. "இதுதான்! இப்பத்தான் பாட்டு நடுவுல வந்து உட்காருது. என்ன பண்ண?"

"ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

"பொல்லாத ஆளு நீ" என்று அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார். நேற்று விட்டுப்போன சாப்பாட்டுக்கும் சேர்த்து அன்று சாப்பிட்டார்.

சில வாரங்கள் அப்படியே ஓடின. அவர் சந்தோஷமாக இருந்தார். பாட்டு கேட்டுவிட்டு வந்து, எந்த இடத்தில் என்ன வாத்தியம் வருகிறது என்றெல்லாம் அவளிடம் சொன்னார். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு முன் சீட்டுல ஒரு அம்மா. காதைப் பொத்திக்கிட்டு, குறைங்க குறைங்கன்னு ஒரே பாட்டு. அவங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை போல" என்றார். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள், ஒயரும் பிளக்கும் வாங்க மொத்தக்கடைக்கு அவருடைய காரிலேயே போனாள். பாட்டு ஓடவில்லை. அவர் இடது பக்கச் சந்துக்குத் திரும்பினார். பக்கவாட்டில் ஒரு ஸ்கூட்டர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கேட்டிருப்பார், நின்றுவிடுவார் என்று அவள் ஒரு கணம் இருந்துவிட்டாள். அவர் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டேயிருந்தார். "ஏங்க, நிறுத்துங்க!" என்று கத்தி, கைப்பிரேக்கை அவளே இழுத்தாள். கார் குலுங்கி நின்றது. ஸ்கூட்டர் முன் சக்கரம் கதவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஓட்டி வந்த பெண், முன்னால் வைத்திருந்த பூந்தொட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நேரமா அடிக்கறேன்? காது கேக்காதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டுப் போனாள். பூந்தொட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

அவர் முகம் வெளிறியிருந்தது. "ஹாரன் வலது பக்கம்தானே கேட்டுச்சு? இவ இடதுல எங்கேருந்து வந்தா?"

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். காருக்குள் இருக்கிற சத்தத்தைத் திருகி ஏற்றிக் கொடுத்துவிட்டாள். தெருவில் வருகிற சத்தத்தை யார் ஏற்றிக் கொடுப்பார்கள்?

"ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக மரநிழலில் நிறுத்தினார். அவள் குனிந்து பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஆம்ப்பின் இரண்டு திருகையும் பழையபடி ஒரே அளவில் வைத்தாள். பாட்டைப் போட்டாள். "கேளுங்க."

"மறுபடி இடது போச்சு."

"இப்ப இந்த சீட்டுல வந்து உட்காருங்க." இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். "இப்ப?"

"இடது போச்சு. கதவுக்குப் பக்கத்துலயே இருக்கேன், ஆனாலும்..."

"சரி. பின்பக்கம் திரும்பி உட்காருங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினார். முழங்கால்களை சீட்டில் ஊன்றிக்கொண்டு, பின் கண்ணாடியைப் பார்த்தபடி நீண்ட நேரம் இருந்தார். பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. அவர் கை மெல்ல எழுந்து வலது காதை மூடியது. பிறகு எடுத்தது. மறுபடி மூடியது.

"ஒயர்ல இல்ல, இல்லையா?" என்றார், திரும்பாமலே.

"இல்ல."

"ஆம்ப்ல?"

"இல்லங்க."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத்தமாப் பிரிச்சுப் பாத்தேன்ல, அன்னிக்கே."

அவர் இறங்கினார். கதவைச் சாத்தாமல், சுவரை ஒட்டி விறுவிறுவென்று நடந்தார். அவள் பின்னால் போகவில்லை. கோபத்தில் போகிற மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். தெரு முனைவரை போனார், நின்றார், அங்கே ஒன்றும் இல்லாததைக் கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்பி வந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து வண்டிதான் ஓட்டறேன். காது போச்சுன்னா யார் ஏறுவா என் வண்டியில? வேற என்ன தெரியும் எனக்கு?"

"காது போச்சுன்னு யாரு சொன்னா? ஒரு பக்கம் மெதுவாக் கேக்குது. என்னன்னு பாக்கணும்."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம்" என்றாள். "சொன்னா உங்க மூஞ்சி இப்ப இருக்கற மாதிரி ஆயிடும்னு பயம். அந்த ஸ்கூட்டர் பொண்ணைப் பாத்ததும் அதைவிடப் பெரிய பயம் வந்துடுச்சு."

அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஈயம் தெறித்துத் தெறித்து அந்த விரல்களில் சின்னச் சின்னத் தழும்புகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். "நீயே ஓட்டு" என்றார். அன்று மொத்தக்கடைக்கு அவர்கள் போகவில்லை.

காது டாக்டர் இளவயதுப் பெண். பொறுமைசாலி. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். டிரைவர் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அமுக்கித் தள்ளினார். டாக்டர் கதவைத் திறந்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே போடல" என்றதும் அசடு வழிந்தார். வெளியே உட்கார்ந்திருந்த ஆம்ப்ளியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பயத்திலும் சிரிப்பு வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இடது காதில் நரம்பு தளர்ந்திருக்கிறது, எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போனது திரும்பாது, ஆனால் இருப்பதை வைத்துச் சமாளிக்க ஒரு கருவி இருக்கிறது என்றார் டாக்டர். வலது காது நன்றாக இருக்கிறது. அவர் கேட்கத் தயங்கிய கேள்வியை அவள் கேட்டாள். "வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"கருவியைப் போட்டுட்டு ஓட்டிப் பழகட்டும். கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல நீங்க இருங்க. நான் மறுபடி பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் சவாரி வேணாம்."

அந்த நாட்களில் தெரு ஒரு வேடிக்கை பார்த்தது. காலையில் கடை திறப்பதற்கு முன், போக்குவரத்து இல்லாத மைதானப் பக்கத்துச் சாலையில் டிரைவர் கார் ஓட்ட, இடது பக்கம் ஆம்ப்ளியக்கா உட்கார்ந்திருப்பாள். டயர்க்கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னாலும் பக்கவாட்டிலுமாக வந்து ஹாரன் அடிப்பார். டிரைவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லாமே வலது என்றார். போகப்போகத் தேறினார். இடது கண்ணாடியை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

கருவிதான் படுத்தியது. அவள் பக்கத்தில் சாய்ந்தால் போதும், கீச்சென்று விசில் அடிக்கும். தலையணையில் தலையை வைத்தால் விசில். ஒருநாள் மாலை, மகள் ஊரிலிருந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டதும் அது அலறிய அலறலில் அவள் பதறி விலகினாள். "என்னப்பா, நான் தொட்டா சைரன் அடிக்குது?"

"உங்கம்மா செட் பண்ணி வெச்சிருக்கா, யாரும் என்னைத் திருடிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றார் அவர்.

ஆம்ப்ளியக்காவுக்குக் கை அரித்தது. மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கினால் இப்படித்தான் கத்தும், அது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தப் பட்டாணி அளவு டப்பாவில் மைக்கும் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒட்டியே இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுத்துவிட்டாள். மகள் கையைப் பிடித்தாள். "அம்மா, இது கார் இல்லம்மா." ஆகவே மறுநாள் கருவி கொடுத்த இடத்துக்கே போனார்கள். அங்கிருந்த டெக்னீஷியனிடம் அவள், "எப்பவும் வர்றதில்ல, சிரிக்கும்போதும் சாப்பிடும்போதும்தான் ஜாஸ்தி" என்றாள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப தாடை அசையும்போது காதுக்கும் கருவியைத் தாங்கற அச்சுக்கும் நடுவுல சத்தம் கசியுது. அச்சைப் புதுசா எடுத்துடுவோம்" என்றார். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் ஒயரும் சத்தமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவரும் மகளும் வாசலில் நின்று தேநீர் குடித்தார்கள்.

புது அச்சு பொருந்தியது. அன்று வீட்டில் அவர் ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். குழாய் சொட்டுகிறது. மின்விசிறி கத்துகிறது. பாத்திரத்தை ஏன் இப்படிப் போட்டு உடைக்கிறாய். படுத்து அவள் ஒரு தூக்கம் போட்டு விழித்ததும், "நீ தூக்கத்துல ஏதோ முணுமுணுக்கற. எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"எப்பவும்தான். கல்யாணம் ஆன புதுசுலயே நீங்க சொல்லியிருக்கீங்க."

அவர் இடது காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நடுவுல கேக்காமப் போனது எனக்குத் தெரியவே இல்ல பாரு" என்றார். அவள் எழுந்து பழையபடி அவருக்கு இடது பக்கம் வந்து படுத்து, அந்தத் தோளில் தலையை வைத்தாள். கருவி சும்மா இருந்தது.

டாக்டர் மறுபடி பார்த்துவிட்டுச் சரி என்றதும் அவர் சவாரிக்குப் போனார். கார் நிறுத்தத்தில் மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்களோ என்று முதல் நாள் தலையில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் வெயிலில் அது தாங்கவில்லை. கழற்றிப் போட்டுவிட்டு, கேட்டவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பின்பக்கம் திரும்பி முழங்காலில் நின்றது உட்பட. நிறுத்தம் குலுங்கச் சிரித்தது.

சிரிக்காதவர் ஒருத்தர் இருந்தார். அங்கே எல்லாருக்கும் மூத்தவர், வெள்ளைத் தாடிக்காரர், யாரையும் ஒரு சொல்லில் உட்காரவைத்துவிடும் வாய்க்குச் சொந்தக்காரர். ஒரு காலை வேளையில், சீட்டுக்கவர் அண்ணன்கூட இன்னும் வராத நேரமாகப் பார்த்து, அவர் ஆம்ப்ளியக்கா கடை முன்னால் காரை நிறுத்தினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அந்த டாக்டரம்மா விலாசம் வேணும்மா."

"யாருக்குண்ணே?"

தாடியைத் தடவினார். "எனக்குத்தான். ரெண்டு மூணு வாரமா இடது பக்கம் கேக்கல. உன் வீட்டுக்காரர் சொன்னதிலேருந்து தூக்கம் இல்ல. வீட்டுல சொல்லல. சொன்னா அழுவா."

அவள் விலாசத்தை எழுதக் காகிதம் எடுத்தாள். எடுத்தவள், "வண்டிச் சாவியைக் குடுங்கண்ணே" என்றாள்.

"வண்டிய எதுக்கும்மா பாக்கற? கோளாறு வண்டியில இல்ல, எனக்குத்தான்."

"குடுங்க. முதல்ல வண்டி, அப்புறம்தான் ஆள்."

அவள் காரில் ஏறினாள். அவர் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாட்டைப் போட்டாள். இரண்டு பொத்தானைத் தட்டி செட்டின் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, வண்டியில சின்னப் பசங்க யாராவது உட்கார்ந்தாங்களா?"

"என் பேத்தி. ஸ்கூல் லீவுக்கு வந்திருந்தா. ஏன்?"

"பேலன்ஸை மொத்தமா வலது பக்கம் தள்ளி வெச்சிருக்கா." அவள் விரலால் தட்டினாள். இடது கதவிலிருந்து பாட்டு பீறிட்டு வந்தது.

அவர் நம்பவில்லை. "மறுபடி தள்ளு" என்றார். தள்ளினாள், இடது போனது. நடுவுக்குக் கொண்டு வந்தாள், இடது வந்தது. "பின்பக்கம் திரும்பிப் பாக்கணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காருக்குள் ஏறி, முழங்காலை ஊன்றி, திரும்பி உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கேட்டது. தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கொட்டியது. அது நிற்கவே இல்லை. கடைசியில் தாடி நனைய, சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார்.

ஆம்ப்ளியக்கா பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள், தெருவில் போகிறவர்களுக்கு அவர் அழுவது கேட்காதபடிக்கு. பிறகு பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு தேநீர் சொன்னாள்.